ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடிநோய்: திரை வழிப் பயிற்சியைப் பற்றி ஒரு விசாரணை



இந்த அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவுக்குரிய விஷயத்தை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று அதன் குழுவினர் சுதந்திரம் அளித்தபோது, கேட்பதற்குச் சுகமானவையும் வியப்பூட்டுபவையுமான பல விஷயங்கள் மருத்துவ உலகில் இன்று மலிந்து கிடந்தும், அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, துறையூரைத் தாண்டிப் பச்சைமலைப் பக்கம் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை 9 மணிக்கு வந்து அமரும் ஓர் இளம் மருத்துவர், தம் எதிரே உட்காரும் குடிநோயாளியை என்ன செய்வார், அதை அவருக்குக் கற்பிப்பவர் யார், எந்த வழியில் கற்பிக்கலாம் என்ற இந்தச் சாதாரண விஷயத்தையே நான் எடுத்துக்கொண்டேன். காவிரிக் கரையில், ஸ்ரீரங்கத்தின் கோபுரம் கண்ணில் படும் தூரத்தில், பெரிய ஆஸ்பத்திரிகளும் நிபுணர்களும் நிறைந்த இந்தத் திருச்சி நகரத்தில் இருந்துகொண்டு யோசிக்கும்போது அது அவ்வளவு பெரிய பிரச்சினையாகத் தோன்றாது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வடக்கே போய், மலைப்பாதையின் வளைவுகளில் ஏறிப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும்.

பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவி நிற்பது. அருகிலிருக்கும் கொல்லிமலைக்கு இருக்கிற கீர்த்தி இதற்கு இல்லை. சங்ககால வள்ளல் ஒருவரின் பெயரும் இதனோடு அவ்வளவாக ஒட்டிக்கொள்ளவில்லை. வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்று வழங்கும் பகுதிகளில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் மரவள்ளியும் முந்திரியும் சாமையும் பயிரிட்டு வாழ்கிறார்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது சர்க்கார் வகுத்திருக்கும் விதி. காகிதத்தில் இது தாராளமான சலுகைதான். ஆனால் அந்த 20,000 பேரும் குக்கிராமங்களாகச் சிதறி, மேடும் பள்ளமுமாக இருக்கும் நிலத்தில் வசிப்பவர்கள் என்பதையும், அந்த நிலையத்து மருத்துவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்துச் சில ஆண்டுகளே ஆன ஒரு யுவரோ யுவதியோதான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அந்த மருத்துவர் தம் படிப்பில் மனநோய் மருத்துவத்துக்கென்று பெற்ற அனுபவம் எவ்வளவு? பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டில் அத்துறைக்கு ஒதுக்கப்படுவது இரண்டே வாரம். அதிலும் லாகிரி வஸ்துக்களால் வரும் நோய்க்கு எத்தனை நாள் கிடைக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அவர் பார்த்திருக்கக்கூடிய குடிநோயாளியோ, கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, இரத்த வாந்தி எடுத்து, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வார்டில் கடைசிக் கட்டத்தில் படுத்திருந்தவர். மலையடிவாரத்தில் அவர் எதிரே வந்து உட்காருகிறவர் அவரல்ல.

வந்து உட்காருகிறவரைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நாற்பது வயது. "வயிறு எரியுதுங்க, காலையில குமட்டிக்கிட்டு வருது" என்கிறார். இரத்த அழுத்தம் 160-க்கு 100. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றால், "சாப்பிடறேனுங்க" என்று சத்தியம் செய்கிறார், அது பொய்யுமன்று. ஓ.பி. சீட்டை நீட்டும்போது விரல்கள் இலேசாக நடுங்குகின்றன. பாதங்களில் எரிச்சல் உண்டு. முழங்காலில் ஆறாத ஒரு காயம். மண்பாதையில் வண்டி சறுக்கியது என்கிறார். பின்னால் 80 பேர் வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவர் வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதி, அழுத்தத்துக்கான மாத்திரையின் அளவைக் கூட்டி, எரிச்சலுக்குச் சத்து மாத்திரையும் காயத்துக்குக் கட்டும் கொடுத்து அனுப்புகிறார். நான்கு உபாதைகளுக்கு நான்கு சிகிச்சைகள். நான்கிற்கும் மூலமான ஒன்றைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இதற்காக அந்த மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டால் என்ன பதில் வரும், வந்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர் கேட்காமல் இருப்பது, ஒரு வகையில், யோக்கியமான காரியமே.

கேட்பதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. "குடிப்பீர்களா?" என்றால், "அதெல்லாம் எப்பவாவதுங்க, உடம்பு வலிக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1989-ல் வெளியிட்ட ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் வேறு விதமாக ஆரம்பிக்கிறது: எத்தனை நாளுக்கு ஒரு முறை, குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே அமர்வில் மிகுதியாகக் குடிப்பது எத்தனை தடவை என்று அளவில் தொடங்கி, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, குற்றவுணர்வு உண்டா, அடிபட்டிருக்கிறீர்களா என்று படிப்படியாக உள்ளே போகிறது. மொத்த மதிப்பெண் 40. எட்டோ அதற்கு மேலோ வந்தால் அபாயக் குடி என்றும், இருபதோ அதற்கு மேலோ வந்தால் குடிக்கு அடிமைப்பட்டிருக்கக்கூடும் என்றும் கொள்வார்கள். ஆனால் அந்தப் பட்டியல் அளவைச் சொல்வது 10 கிராம் சாராயச் சத்தை ஓர் அலகாக வைத்து. நம் நோயாளி அலகில் குடிப்பதில்லை. கட்டிங்கிலும் குவார்ட்டரிலும் குடிக்கிறார். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர், நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம் உள்ளதானால், ஆறு அலகு. அதைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதுதான் கட்டிங்; ஆளுக்கு மூன்று. "தினம் ஒரு கட்டிங்தான், அதுக்கு மேல தொடமாட்டேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும்போது அவர் தினம் மூன்று அலகு குடிக்கிறார் என்பதை மருத்துவர் மனத்துக்குள் உடனே கணக்கிட வேண்டும். மலைப்பக்கத்துக் கள்ளச் சாராயமோ எந்தக் கணக்குக்கும் அடங்காது. இந்தச் சின்ன விஷயத்தை எந்தப் பாடப்புத்தகமும் நம் மருத்துவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும்.

இன்னொரு விஷயமும் இதே ஜாதியைச் சேர்ந்தது. நம் ஜில்லாவில் சோர்ந்து போய் வருகிற எவருக்கும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் நடந்ததாக ஜனங்களுக்குத் திருப்தி. சாப்பாட்டைக் குறைத்துப் பல நாள் குடித்தே காலம் தள்ளியவர் உடம்பில் தயமின் என்னும் பி-1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அவருக்கு அந்த வைட்டமினைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, அறிவு மயங்கும் மூளைக் கோளாறு வந்து சேரக்கூடும். சிலருக்கு ஞாபகசக்தி திரும்புவதே இல்லை. முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ் என்ற வரிசையை மாற்றாதிருந்தால் போதும். அதுபோலவே, காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்திக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி ஓடினால், அது பேய் பிடித்ததுமன்று, பைத்தியமுமன்று. தினம் குடித்தவர் சட்டென்று நிறுத்தியதால் இரண்டு மூன்று நாளில் எழும் சித்தப்பிரமை அது. சிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. "இன்னிக்கோட விட்டுடு" என்று நல்ல மனதோடு கட்டளையிட்டு அனுப்பும் மருத்துவர், அந்த நோயாளி நிறுத்தினால் என்ன நேரும் என்பதையும் கவனித்தாக வேண்டும்.

குடி விஷயத்தில் நம் தேசம் இதுவரை சட்டத்தை நம்பிய அளவு வைத்தியத்தை நம்பியதில்லை. ராஜாஜி 1929-ல் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து "விமோசனம்" என்று மதுவிலக்குக்காகவே ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாசிரியர். 1937 அக்டோபர் 1-ந் தேதி, சென்னை மாகாணப் பிரதம மந்திரியான சில மாதங்களில், சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அவர் அமலுக்குக் கொண்டுவந்தபோது, பச்சைமலையின் சேலம் சரிவு சட்டப்படி உலர்ந்தது. திருச்சிச் சரிவு உலரவில்லை. ஒரே மலையில் இரண்டு நீதி. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-ல், ஓமந்தூரார் காலத்தில். பிறகு 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடியும் விலக்கு, 1981-ல் மறுபடியும் திறப்பு, 1983-ல் அரசின் டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கையிலேயே. கடை இருக்கவேண்டுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் புகப்போவதில்லை; அது வேறு மேடைக்குரியது. கடை மூடியிருந்த காலத்திலும் திறந்திருக்கும் காலத்திலும் குடிநோயாளி மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

எத்தனை பேர் நிற்கிறார்கள்? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பு, 10 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 14.6 பேர், அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள் என்றது. மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதோ ஒரு சிகிச்சையைப் பெற்றதாகச் சொன்னார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180-க்கு ஒருவர். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வும், மதுவால் கோளாறுற்றவர்களில் நூற்றுக்கு 86 பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்று கண்டது. இத்தனை கோடிப் பேருக்கு மனநோய் நிபுணர்களே வைத்தியம் பார்ப்பது என்பது இந்தத் தலைமுறையில் ஆகக்கூடிய காரியமன்று.

தமிழகத்தில் இதற்கு முன்னோடிகள் உண்டு. கணவர் டி. டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துக்கத்தோடு முடங்கிவிடாமல் 1980-ல் சென்னையில் தொடங்கிய மருத்துவமனை, குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதை நம் ஜனங்களுக்கு முதன்முதலில் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. கிராமங்களுக்கே போய் முகாம் அமைத்துச் சிகிச்சை தரும் வழியையும் வகுத்தது. 2025-ல் தமிழ்நாட்டு அரசு கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருப்பதும் நல்ல காரியம். ஆனால் எத்தனை மையங்கள் திறந்தாலும் அவை நகரங்களில்தான் இருக்கும். மலையிலிருந்து இறங்கிப் பஸ் மாறிப் போக, ஒரு நாள் கூலியும் போக வரச் செலவும் வேண்டும். அங்கே போகச் சொல்லும் சீட்டு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பாதி வழியில் ஒரு கடை இருக்கிறது.

ஆகவே நோயாளி வருகிற இடத்துக்கே ஞானம் போகவேண்டும். இந்த எண்ணம் நம் ஜில்லாவுக்குப் புதியதன்று. பல்லாரியில் 1980-களில் நிம்ஹான்ஸ் செய்து காட்டிய மாதிரியை வைத்து மத்திய அரசு 1996-ல் வகுத்த மாவட்ட மனநலத் திட்டம், தமிழகத்தில் முதலில் வந்தது திருச்சிராப்பள்ளிக்குத்தான், ஆண்டு 1997. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களைச் சில நாள் அழைத்து மனநலப் பயிற்சி கொடுப்பது அதன் முக்கியமான அங்கம். பயிற்சி நன்றாகவே நடந்தது. பங்கு பெற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாடும் குறைவில்லை. பின்பு தத்தம் நிலையங்களுக்குத் திரும்பி, கற்றதைக் கொண்டு முதல் நோயாளியிடம் பேச்சுக் கொடுத்து, அவர் இரண்டாவது வாரம் மறுபடி குடித்துவிட்டு வந்து நின்றபோது, "இதற்கு மேல் என்ன செய்வது?" என்று கேட்க அவர்களுக்கு ஒருவரும் அருகில் இல்லை. குடிநோயில் மறுபடி குடிப்பது விபத்தன்று. நோயின் இயல்பே அது. முதல் தோல்விக்குப் பிறகும் மருத்துவர் பக்கத்தில் ஒருவர் நிற்பாரானால்தான் பயிற்சி பயிற்சியாக நிற்கும் என்பது என் அபிப்பிராயம். அப்படி நிற்பவரைத் தூரத்திலிருந்தே தரக்கூடிய திரை வழிப் பயிற்சியை நான் மதிப்பதும், சில வேளைகளில் அதைச் சந்தேகிப்பதும் இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இந்தியாவில் பிறந்த சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர், ஹெபடைட்டிஸ்-சி நோயாளிகள் தம்மைக் காண எட்டு மாதம் காத்திருக்க நேர்ந்ததைப் பார்த்து, 2003-ல் ஒரு ஏற்பாடு செய்தார். நோயாளியை நகரத்துக்கு வரவழைப்பதை விட்டு, கிராமத்து மருத்துவர்களையும் சிறைச்சாலை மருத்துவர்களையும் வாரம் ஒருமுறை திரையில் கூட்டினார். நிபுணர் சிறிது நேரம் பாடம் சொல்வார். பிறகு ஒரு மருத்துவர், பெயரைச் சொல்லாமல், தம் நோயாளி ஒருவரின் விருத்தாந்தத்தை முன்வைப்பார். எல்லோரும் சேர்ந்து ஆலோசிப்பார்கள். அடுத்த வாரம் அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று மறுபடியும் பேசப்படும். எக்கோ என்று பெயர் பெற்ற இந்த முறையின் பலனை 2011-ல் அளந்து வெளியிட்டார்கள்: பல்கலைக்கழக மருத்துவமனையில் நிபுணரிடம் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 57.5 பேர் குணமடைந்தார்கள். கிராமத்து, சிறைச்சாலை மருத்துவர்களிடம் பெற்றவர்களில் 58.2 பேர். கிராமத்து மருத்துவர் நிபுணருக்குச் சளைத்தவரல்லர் என்பதை இதைவிட எளிமையாக எவரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த முறையை நம் நாட்டில் லாகிரி நோய்க்குப் பொருத்திக் காட்டியது நிம்ஹான்ஸ். 2016 ஏப்ரலில் பீகார் மாநிலம் மதுவிலக்கை அறிவித்தபோது, திடீரென்று குடி கிடைக்காமல் போன ஆயிரக்கணக்கானோருக்கு நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வரும் என்பதை உணர்ந்து, அந்த மாநில அரசு மாவட்டந்தோறும் போதை மீட்பு மையங்கள் ஏற்படுத்தியது. அவற்றை நடத்த மனநோய் நிபுணர்கள் ஏது? நிம்ஹான்ஸ் நிபுணர்கள் சாதாரண அரசு மருத்துவர்களையே பெங்களூருக்கு அழைத்துச் சில நாள் நேரில் பயிற்சி கொடுத்து, ஊர் திரும்பியபின் திரை வழியாகத் தொடர்ந்து கூட்டி நோயாளிகளைப் பற்றி ஆலோசித்தார்கள். சத்தீஸ்கரின் கிராமப்புற மாவட்டங்களில் ஆலோசகர்களுக்கும் இவ்வாறே செய்தார்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவினர் மேலும் ஒரு படி போனார்கள்: மருத்துவர் தம் சொந்தப் புறநோயாளிகளைத் தம் அறையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையின் மறுபக்கத்தில் மனநோய் நிபுணர் உட்கார்ந்து, கேட்கப்படும் கேள்விகளைக் கவனித்து, விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பார். மருத்துவக் கல்வியில் படுக்கையருகே நின்று கற்பதற்கு இணையானது எதுவுமில்லை என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் படுக்கையருகைத் திரை வழியே கொண்டுபோக முடியும் என்பதை நான் முதலில் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். நமக்கு அண்டையிலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில், மருத்துவர் எம். சாரதா மேனன் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-ஐ ஒட்டி ஒரு பஸ்ஸுக்குள் திரையை வைத்துக் கிராமம் கிராமமாக மனநோய் சிகிச்சையைக் கொண்டுபோனதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கூட்டத்தில் நடப்பது என்ன என்று சொன்னால் விஷயம் துலங்கும். ஒரு பெண் மருத்துவர் தம் நோயாளியின் விருத்தாந்தத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வந்தவர் நோயாளியே அல்லர், அவர் மனைவி. "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கற மருந்து இருக்காமே, எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்று அழுகிறாள். அந்த மருந்து டைசல்பிரம். 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தற்செயலாகக் கண்டது. அதை உட்கொண்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, மார்பு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துபோகும். தாமே சம்மதித்து, அபாயம் தெரிந்து, வீட்டார் மேற்பார்வையில் சாப்பிடுபவருக்கு அது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால், அறியாத அந்த மனிதர் அன்று மாலை வழக்கம்போல் குவார்ட்டர் அடிக்கும்போது உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவர் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் மறுத்து அனுப்பினால் அந்தப் பெண் நேரே மருந்துக்கடைக்கோ, பத்திரிகை விளம்பரத்தில் கண்ட வைத்தியரிடமோ போவாள். அவளிடம் என்ன பேசுவது? அடிக்கிறானா என்று கேட்பது எப்படி? அவனை ஒரு முறையாவது அழைத்துவரச் சொல்வது எப்படி, வந்தால் முதல் வார்த்தை என்னவாக இருக்கலாம்? பெங்களூர் நிபுணர் ஒன்று சொல்வார். கூட்டத்தில் இருக்கும் மனநல சமூகப் பணியாளர் இன்னொன்று சொல்வார். தர்மபுரிப் பக்கத்து மருத்துவர் ஒருவர், "இரத்த அழுத்தம் பார்க்கணும்னு சொல்லி வரச்சொல்லுங்க மேடம், குடியைப் பத்தின்னா வரமாட்டாங்க" என்பார். மூன்றில் பயனுள்ளது மூன்றாவதே என்று அந்தப் பெண் மருத்துவர் முடிவு செய்யக்கூடும். அங்கேதான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. நிபுணர் அறிந்த நோயாளி நோயின் கடைசி அத்தியாயத்தில் வருபவர். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் வருபவர் முதல் அத்தியாயத்தில் இருப்பவர், தாம் நோயாளி என்பதே தெரியாதவர். அவரைப் பற்றி நிபுணருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியதும் ஏராளம்.

முதல் அத்தியாயத்தில் இருப்பவரிடம் அரை மணி நேரப் பேச்சு பலன் தருமா என்று சந்தேகிப்பவர்களுக்கு, கோவாவில் சங்காத் என்ற அமைப்பைச் சேர்ந்த அபிஜித் நட்கர்னியும் விக்ரம் படேலும் அவர்கள் சகாக்களும் செய்து 2017-ல் லான்செட்டில் வெளியிட்ட ஆராய்ச்சியை நான் நினைவூட்டுவேன். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் தீங்கு கண்ட 377 ஆண்களைக் கொண்டது அது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு அதிகபட்சம் நான்கு ஆலோசனை அமர்வுகள். ஆலோசனை கொடுத்தவர்கள் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். மூன்று மாதத்தில் அபாயக் குடியிலிருந்து விடுபட்டவர்கள் ஆலோசனை பெற்றோரில் நூற்றுக்கு 36, பெறாதோரில் 26. மகத்தான வெற்றி என்று பறைசாற்ற இதில் இடமில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் விடவில்லை. ஆனால் செலவில்லாத பேச்சினால் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாகத் தப்புகிறார்கள் என்றால், அதே பலனைத் தரும் ஒரு மாத்திரையை எந்த மருத்துவரும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கமாட்டார்.

இனி சந்தேகங்களுக்கு வருகிறேன். திரை வழிப் பயிற்சி என்ற பெயரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி, பதிவு செய்த பிரசங்கத்தை ஓடவிட்டு, இறுதியில் பத்துக் கேள்விக்கு விடை குறித்து, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்வது. பிரசங்கம் ஓடுகிறது, மருத்துவர் மறு பக்கத்தில் மாதாந்திர அறிக்கையை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் 2023 ஜூன் முதல், கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத உரிமம் பெறும் மருத்துவர்கள் லாகிரி நோயைப் பற்றி எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று சட்டமே செய்திருக்கிறார்கள். எட்டு மணியையும் வீட்டிலிருந்தபடியே முடித்துவிடலாம். சட்டத்தின் நோக்கத்தை நான் வாழ்த்துகிறேன். எட்டு மணி முடிந்த மறுநாள், மருத்துவர் எதிரே நோயாளி மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்கும்போது அழைக்க ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதை அந்தச் சட்டம் கேட்கவில்லை. நம் ஊரில் இப்படிச் சான்றிதழ் சேர்ப்பது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. சிலரது அறைச் சுவர்களில் இனி ஆணியடிக்க இடமில்லை.

மலைக்கே உரிய தடைகளும் உண்டு. பச்சைமலையில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காதது நெடுநாளாக அந்த மக்களின் குறைகளில் ஒன்று. முகம் உறைந்து குரல் அறுந்து போகும் திரையில் எவரும் தம் தோல்வியைப் பேசமாட்டார்கள். அதற்குப் பரிகாரம் படத்தை விட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வதே. வெறும் தொலைபேசி ஆலோசனையைக் கௌரவக் குறைவாக நினைக்கவேண்டியதில்லை. பாஷை மற்றொரு தடை. பெங்களூரிலிருந்து நடக்கும் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. நம் மருத்துவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் நோயாளியிடம் அவர் பேசவேண்டிய பேச்சு துறையூர்ப் பக்கத்துத் தமிழில் இருக்கவேண்டும். குற்றம் சாட்டாமல் கேட்பது, புத்தி சொல்லாமல் யோசிக்க வைப்பது என்ற அந்தப் பேச்சு முறையை ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் செய்வது கடினம். நம் பாஷையில் மருத்துவர் பேச வாயெடுத்தால் உபதேசம்தான் தானாக வரும். ஆகவே இந்த மாவட்டத்துக்கான வாரக் கூட்டம் திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநோய்த் துறையிலிருந்து தமிழில் நடக்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். பெங்களூர் ஆசிரியருக்கு ஆசிரியராக இருக்கட்டும்.

நோயாளியின் மானம் பற்றிய விஷயம் இன்னும் முக்கியமானது. நகரத்தில் பெயரைச் சொல்லாவிட்டால் ஆளைத் தெரியாது. மலையில், இன்ன கிராமம், இத்தனை வயது, முந்திரிக்காடு உள்ளவர், தம்பி ராணுவத்தில் இருக்கிறார் என்று விவரித்தால், கூட்டத்தில் இருக்கும் பக்கத்து நிலையத்து நர்ஸ் யாரென்று சொல்லிவிடுவார். மருத்துவர்கள் இதை முதல் நாளே கற்கவேண்டும். சொல்லும் விருத்தாந்தத்தில் நோய்க்கு வேண்டாத எதுவும் இருக்கக்கூடாது.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை நாம் அறிவோம். அந்த மாவட்டத்துக் கல்வராயன் மலை பச்சைமலைக்கு வெகுதூரத்தில் இல்லை. அப்படியொரு நாளில் முதலில் வருபவர் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்றுதான் வருவார். குடித்ததைச் சொல்லப் பயப்படுவார், போலீஸ் வரும் என்று. வழக்கமான நாட்களில் குடியைப் பற்றி அருவருப்பில்லாமல் கேட்டுப் பழகிய மருத்துவரிடம்தான் அவர் உண்மையைச் சொல்வார். சீக்கிரம் சொன்னால் மாற்று மருந்துக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் நேரம் மிஞ்சும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் இந்த நகரத்திலும் இருக்கிறார்கள் என்பதைப் போலீஸ் செய்திகளில் படிக்கிறோம். அவர்களையும் முதலில் பார்ப்பவர், கையில் சீழ்க்கட்டியோடு வரும்போது, இதே மருத்துவர்தான்.

இதற்கெல்லாம் தனிக் கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாம். வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு மணி நேரம். மாதத்துக்கு ஒவ்வொரு மருத்துவரும் முன்வைக்கும் ஒரு விருத்தாந்தம். புறநோயாளிப் பதிவேட்டில் இரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஒரு பத்தி. அலமாரியில் தயமினும், குடி நிறுத்த நடுக்கத்துக்கான மருந்தும் எப்போதும் இருப்பது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாருடையது? இப்போதுள்ள ஏற்பாட்டில் மருத்துவர் தம் மதியச் சாப்பாட்டு வேளையைக் கொடுக்கிறார், அல்லது இரவில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுத் திரையைத் திறக்கிறார்; மூன்று மாதம் கொடுப்பார், நான்காவது மாதம் கொடுக்கமாட்டார். ஆகவே இந்தத் திட்டத்தைப் பற்றி என்னிடம் பேச வரும் எந்த அதிகாரியிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பதன்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட்டு உத்தரவு போட்டாயிற்றா, அந்த நேரத்தில் வெளியே வரிசையில் நிற்பவர்களைப் பார்க்க இரண்டாவது மருத்துவர் ஒருவரை மலைக்கு அனுப்பியாயிற்றா என்பதே.